ஆட்டுக்கறித் தொழிலாளர்கள் கால்நடை நோய்களிலிருந்து தங்களைக் காத்துக்கொள்வது எப்படி

ஆடு அறுக்கும் தொழிலில் இருப்பவர்கள் கத்திக் காயத்துக்கு அஞ்சும் அளவுக்கு, அந்தக் காயத்தின் வழியே உடலுக்குள் போகும் கிருமிக்கு அஞ்சுவதில்லை. காயம் உடனே கண்ணில் படுகிறது. கிருமியோ மூன்று நான்கு வாரங்கள் கழித்துக் காய்ச்சலாகவோ இடுப்பு வலியாகவோ தலைகாட்டும்போது, அதை என்றோ அறுத்த ஓர் ஆட்டோடு சேர்த்து நினைக்கத் தொழிலாளிக்கும் தோன்றுவதில்லை, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தோன்றுவதில்லை. கறியை வாங்கிப்போய் நன்றாக வேகவைத்து உண்பவரை அடுப்பின் வெப்பம் பெரும்பாலும் காத்துவிடுகிறது. பச்சை இரத்தத்திலும் குடலிலும் கருப்பையிலும் நாள்தோறும் வெறுங்கையோடு அளைபவருக்கு அந்தக் காப்பு இல்லை. தமிழ்நாட்டின் சிறு கறிக்கடைகளையும் ஆட்டுத்தொட்டிகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கடை முதலாளி, அறுப்பவர், தோல் உரிப்பவர், குடல் கழுவுபவர், தலையும் காலும் வாட்டிக் கொடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் இது உரியது. மாடும் பன்றியும் அறுப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஆட்டை வாங்கும்போது பார்க்கவேண்டியவை

கையுறை, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது சந்தையில் ஆட்டைப் பார்த்து வாங்கும் திறமை. பல்லைப் பிடித்து வயதைச் சொல்லவும் முதுகைத் தடவி எடையைச் சொல்லவும் தெரிந்த வியாபாரிக்கு நோயின் அடையாளங்களைக் கண்டுபிடிப்பது கடினமான காரியம் அன்று. மந்தையிலிருந்து ஒதுங்கி நிற்பது, அசைபோடாமல் இருப்பது, மூக்கிலும் கண்ணிலும் சளி ஒழுகுவது, வாயைச் சுற்றிப் புண், கழிச்சல், மூட்டு வீக்கம், கிடாயின் விதைப்பை ஒரு பக்கம் பெருத்திருப்பது, பெட்டையின் பின்புறத்தில் நாற்றமுள்ள கழிவு காய்ந்து ஒட்டியிருப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த ஆட்டைத் தனியே கட்டிவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். மந்தையில் அண்மையில் குட்டி வீச்சு (சினை கலைந்து விழுவது) உண்டா என்று விற்பவரிடம் கேட்பதும் நல்லது; உண்மையான பதில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்றாலும், கேட்கும்போது அவர் முகம் போகும் போக்கே சில வேளை பதிலாகிவிடும்.

சந்தை விலையில் பாதிக்கு ஓர் ஆடு வருகிறது என்றால், அதைக் கொண்டுவந்தவர் அது சாவதற்குள் பணமாக்கப் பார்க்கிறார் என்று கொள்வதே பாதுகாப்பானது. கிராமங்களில் நாய் கடித்த ஆடு இப்படித்தான் கடைக்கு வந்து சேர்கிறது. வெறிநோய் முற்றிய ஆடு ஓயாமல் கத்தும், எச்சில் ஒழுக்கும், காரணமின்றி முட்டும், விழுங்க முடியாமல் தவிக்கும். அத்தகைய ஆட்டை அறுக்கவே கூடாது. தெரியாமல் அறுத்து, அதன் தலையையோ மூளையையோ எச்சிலையோ காயமுள்ள கையால் தொட்டிருந்தால், கையைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது. அறிகுறி தோன்றிய பின் இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை என்பதால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமே இல்லை.

சட்டமும் இதில் தொழிலாளியின் பக்கமே நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு (இறைச்சிக் கூட) விதிகளின்படி, சினையாக உள்ள விலங்கையும், மூன்று மாதம் நிறையாத குட்டியையும், அப்படிப்பட்ட குட்டி உள்ள தாயையும், கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று பெறாத விலங்கையும் அறுக்கக்கூடாது. அவசரத்தில் பார்வை மழுங்கிவிடக்கூடாது என்பதற்காக, ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேலும் ஒரு நாளில் 96 விலங்குகளுக்கு மேலும் பரிசோதிக்கக்கூடாது என்றுகூட அந்த விதி கூறுகிறது. நம் ஊர்களில் எத்தனையோ கடைகள் கடைவாசலிலேயே அறுத்துத் தொங்கவிடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மாநகராட்சி, நகராட்சிக் கூடம் அருகில் இருக்குமானால் அங்கே கொண்டுபோய் அறுப்பது, சான்று முத்திரைக்காக மட்டும் அன்றி, அறுப்பவரின் உடல்நலத்துக்காகவும் செய்யவேண்டிய செலவு.

உண்ணிகளைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டின் காதிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் உண்ணியைப் பிடுங்கி விரல் நகத்தால் நசுக்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். 2011இல் குஜராத்தில் இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட கிரிமியன் காங்கோ காய்ச்சல், உண்ணியின் வழியாகவும் நோய் தொற்றிய விலங்கின் இரத்தம் வழியாகவும் மனிதருக்கு வருவது. அதைச் சுமக்கும் ஆட்டிடம் எந்த அறிகுறியும் தெரியாது.

தானாகச் செத்த ஆட்டை என்ன செய்வது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: திடீரென்று செத்துக் கிடக்கும் விலங்கின் உடலில் கத்தியை வைக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்ட ஆடோ மாடோ காலையில் மேய்ந்துகொண்டிருந்து மாலைக்குள் செத்துவிழும். வயிறு விரைவாக ஊதிவிடும், உடல் விறைக்காமல் தளர்ந்து கிடக்கும், மூக்கு, வாய், மலவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். அறுத்துப் பார்த்தால் சுவரொட்டி எனப்படும் மண்ணீரல் வழக்கத்தைவிடப் பலமடங்கு பெருத்துக் கறுத்துக் குழைந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்க அறுப்பதே ஆபத்து. மூடிய உடலுக்குள் இருக்கும்வரை அழுகலில் பெரும்பாலும் அழிந்துபோகும் கிருமி, அறுத்து இரத்தம் காற்றில் பட்டதும் கடினமான உறை பூண்ட வித்துகளாக மாறிவிடுகிறது. அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வழக்கமான சமையலில் அவை சாகும் என்று நம்புவதற்கும் இல்லை. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைதூக்குவதற்குச் செத்த கால்நடையை அறுத்துப் பங்கிட்டு உண்பதும் ஒரு காரணம்.

ஆகவே, அப்படி ஓர் உடலைக் கண்டால் நாயும் காக்கையும் அண்டாமல் மூடிவைத்து, 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லவேண்டும். எங்கே, எவ்வாறு புதைப்பது அல்லது எரிப்பது என்பதை அவர்கள் சொல்வார்கள். தோலையாவது உரித்து விற்றுவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். அந்தத் தோல் உப்பிட்ட கட்டுகளோடு வாணியம்பாடிக்கோ ஆம்பூருக்கோ போய்ச் சேர்ந்தால், நோய் அங்கே தோல் பதனிடும் இன்னொரு தொழிலாளியின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

தெரியாமல் தொட்டுவிட்டவர்கள் ஒரு வாரம் கையையும் முன்கையையும் கவனித்துவரவேண்டும். பூச்சி கடித்ததுபோல் ஒரு சிறு தடிப்பு அரிப்போடு தொடங்கி, ஓரிரு நாளில் நீர்க்கொப்புளமாகி, பிறகு நடுவில் கறுத்த பொருக்கு கட்டி, சுற்றிலும் வீங்கும். அது வலிக்காது. வலிக்காததால்தான் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் எளிதில் குணமாகும் இந்தப் புண், கவனிக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை உயிரைப் பறிக்கக்கூடியது. வாய்ப்புண் கண்ட ஆட்டைக் கையாண்டவர்களின் விரலிலும் ஏறக்குறைய இதுபோன்ற ஒரு கொப்புளம் வருவதுண்டு. அது சில வாரங்களில் தானே ஆறிவிடும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது மருத்துவரின் வேலை, பக்கத்துக் கடைக்காரரின் வேலை அன்று. எதுவாக இருந்தாலும் பிளேடால் கீறிவிடக்கூடாது.

கருப்பையும் மடியும் விதையும்

அடைப்பான் அரிதாக வருவது. அன்றாடத் தொழிலில் சத்தமில்லாமல் ஆளைச் சாய்ப்பது கன்று வீச்சு நோய் என்று கால்நடைத் துறையினர் சொல்லும் புரூசெல்லா தொற்று. நோய் தொற்றிய ஆடு பார்வைக்குக் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கக்கூடும். அதன் கருப்பை, கருநீர், நஞ்சுக்கொடி, மடி, விதை, கழலைகள் (நிணநீர்க் கணுக்கள்) ஆகியவற்றில் கிருமி குவிந்திருக்கும். தசைக்கறியில் அது மிகக் குறைவு. எனவே ஒரே ஆட்டில் எல்லா உறுப்பும் ஒரே அளவு ஆபத்து உடையவை அல்ல என்பதை முதலில் மனத்தில் பதிக்கவேண்டும். தொடைக்கறியை நறுக்கும்போது தளர்வாக இருப்பவர்கூட, வயிற்றைத் திறக்கும் அந்தச் சில நிமிடங்களில் கண்டிப்பாக இருந்தால், ஆபத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் செய்யவேண்டியவை இவை. முழங்கை வரை வரும் இரப்பர் கையுறையை அணிந்துகொள்ளவேண்டும். கருப்பையைக் கீறாமல், அதன் கழுத்துப் பகுதியைக் கயிற்றால் கட்டி, முழுதாக வெளியே எடுத்துத் தனி வாளியில் போட்டு மூடவேண்டும். உள்ளே குட்டி இருப்பது தெரிந்தால் அதைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளவேண்டும். மடியில் சீம்பாலோ பாலோ இருந்தால் பீய்ச்சித் தெறிக்கவிடாமல் மடியை முழுதாக நீக்கவேண்டும். விதை விற்பனைக்குப் போகும் பொருள் என்பதால் அதை ஒதுக்கச் சொல்வது நடக்காத காரியம். வீங்கியோ கெட்டிப்பட்டோ இருக்கும் விதையை மட்டுமாவது விற்கவோ வெறுங்கையால் நறுக்கவோ வேண்டாம். கருநீர் கண்ணில் தெறித்தால் தூய நீரால் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும், ஏனெனில் புரூசெல்லாவுக்குக் கண்ணின் ஈரச்சவ்வும் ஒரு திறந்த வாசல்.

2019இல் நடுவண் அரசு தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் புரூசெல்லாத் தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கும் எருமைக் கன்றுகளுக்கும் போடப்படுகிறது. ஆடுகள் அந்தத் தடுப்பூசியின் கீழ் வருவதில்லை. மனிதருக்குப் பரவும் புரூசெல்லா இனங்களில் மிகக் கடுமையானது செம்மறியிலும் வெள்ளாட்டிலும் வாழ்வது என்பதை எண்ணிப் பார்த்தால், கடைக்கு வரும் ஆடு ஊசி போட்ட ஆடாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு வேலை செய்ய வழியில்லை என்பது விளங்கும்.

இதே உறுப்புகளிலிருந்து காற்றின் வழியாகவே பரவும் இன்னொரு நோய் கியூ காய்ச்சல். 1935இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தபோது, அதை ஆராயச் சென்ற எட்வர்ட் டெரிக் என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார். இந்தத் தொழிலாளர்களின் நோயாகவே அது உலகத்துக்கு அறிமுகமானது என்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் இறைச்சித் தொழிலாளர்களுக்கு இதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. நம் கடைத் தொழிலாளிக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே நஞ்சுக்கொடியும் கருநீரும் தரையில் காய்ந்து தூசியாகப் பறக்க விடாமல் உடனே அகற்றுவதும், அந்த இடத்தைத் துடைப்பத்தால் உலரப் பெருக்காமல் ஈரமாக்கிக் கழுவுவதும்தான் நமக்குள்ள தடுப்பூசி. சிலருக்கு இந்நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து இதய வால்வைத் தாக்கும். வால்வுக் கோளாறு உள்ளவர்களையும் கருவுற்ற பெண்களையும் வயிறு திறக்கும் வேலைக்கு வைக்கவே கூடாது.

கை, கத்தி, வாய்

இரண்டு கையும் சும்மா இல்லாதபோது கத்தியைப் பல்லால் கவ்விக்கொள்வதும், தோல் எளிதாக உரிய வேண்டும் என்று காலருகே கீறி வாயால் ஊதுவதும் பழைய கைகளிடம் இன்னும் சில இடங்களில் காணப்படுகின்றன. இரண்டும் கிருமியைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானவை. ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் சைக்கிள் பம்பு நூறு இருநூறு ரூபாய்க்கு முடிந்துவிடும் காரியம். ஆனால் ஊதாமல் முட்டியால் இடித்து உரிப்பதே கறிக்கும் நல்லது. வேலைக்கு நடுவே பீடி, வெற்றிலை, தேநீர் எல்லாம் கை கழுவிய பிறகு, அறுக்கும் இடத்துக்கு வெளியே மட்டுமே.

கையுறை வழுக்குகிறது, கத்தி பிடிக்க வரவில்லை என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் குறை. அது நியாயமான குறையும்கூட. வேலை முழுவதும் கையுறையோடு இருக்கச் சொன்னால் இரண்டாம் நாளே அது ஆணியில் தொங்கும். எனவே கத்தி பிடிக்காத கைக்கு மட்டும் எப்போதும் கையுறை, வயிறு திறக்கும்போதும் குடல் கழுவும்போதும் இரண்டு கைக்கும் கையுறை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும். தலையைப் பிளக்கும்போது எலும்புத் துணுக்கும் மூளையும் தெறிப்பதால் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வெட்டுக்கட்டை அருகிலேயே தொங்கவேண்டும். காலுக்கு இரப்பர் பூட்ஸ், செருப்பு போதாது. வேலைக்கு வருமுன் கையில் உள்ள கீறல்களை நீர் புகாத பிளாஸ்டரால் மூடிக்கொள்ளவேண்டும்.

கத்தி பட்டுவிட்டால், துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வதும் மஞ்சளை அப்புவதும் போதாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடங்கள் நன்றாகக் கழுவி, போவிடோன் அயோடின் தடவி, மூடிக் கட்டிய பின், அன்றைக்கு அவருக்கு உலர்ந்த வேலையைக் கொடுக்கவேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியைக் கடைச் சுவரில் ஆளுக்கு ஒரு வரியாக எழுதி வைத்திருக்கும் முதலாளி பாராட்டுக்குரியவர். கத்தியையும் கட்டையையும் பொறுத்தவரை, முதலில் கொழுப்பும் இரத்தமும் போகத் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினி வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 30 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைத் தரைக்கும் கட்டைக்கும் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கவேண்டும். கத்தியை 82 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் குறையாத நீரில் முக்கி எடுப்பது இறைச்சிக் கூடங்களின் வழக்கம். சிறு கடையில் கொதிநீர் அதற்குப் போதும்.

ஈரலில் கட்டி, வாசலில் நாய், மூலையில் எலி

ஈரலிலும் நுரையீரலிலும் வெண்ணிறத்தில் நீர் நிறைந்த கட்டிகள் இருப்பதை அறுப்பவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பகுதியை வெட்டி வாசலில் காத்திருக்கும் நாய்க்கு எறிவதும் வழக்கம். நீர்க்கட்டி நோயின் சுற்று அங்கேதான் முழுமை பெறுகிறது. கட்டியைத் தின்ற நாயின் குடலில் சிறிய நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி, நாயைத் தடவிய கையின் வழியாகவோ கழுவாத கீரையின் வழியாகவோ மனிதர் வயிற்றுக்குள் போய், ஆண்டுகள் பல கழித்து மனித ஈரலில் அதே கட்டியாக வளர்கிறது. கட்டியைத் தொட்டதால் தொழிலாளிக்கு இந்நோய் வருவதில்லை. தான் வளர்த்த கடை நாயால் வருகிறது. கட்டியுள்ள உறுப்பைக் கீறாமல் எடுத்து எரிக்கவோ, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கவோ வேண்டும். நாய்க்குக் கொடுத்தே தீரவேண்டும் என்றால் நன்றாக வேகவைத்துக் கொடுக்கவேண்டும்.

நுரையீரலிலும் கழலைகளிலும் மஞ்சளாகத் தயிர்க்கட்டிபோல் உள்ள முடிச்சுகள் மாடுகளில் காணப்பட்டால் காசநோயை நினைக்கவேண்டும். அதை மேலும் வெட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் மட்டும் அன்றி ஆடுமாடுகளின் சிறுநீரகத்திலும் சிறுநீரிலும் இருக்கலாம். ஈரத்தில் ஊறித் தோல் வெளுத்துப்போன கை கால்களின் வழியே அது எளிதில் நுழையும். தேங்கிய கழிவுநீரில் வெறுங்காலோடு நிற்காமல் இருப்பதும், கழிவை இரவு தங்கவிடாமல் அகற்றி எலிக்கு இரை கிடைக்காமல் செய்வதும், குடலைக் குழாயின் முழு வேகத்தில் பீய்ச்சித் தெறிக்கவிடாமல் தொட்டி நீரில் அலசுவதும் இதற்கான வழிகள்.

ஆடி மாதக் கிடாவெட்டு, தீபாவளி, பக்ரீத் போன்ற நாள்களில் பழக்கமில்லாத உறவுக்காரப் பையன்கள் உதவிக்கு வருவார்கள். மேலே சொன்னவற்றை அவர்களுக்குப் பாடமாக நடத்திப் பயனில்லை. அவர்களுக்குக் கறி நறுக்குவதையும் எடை போடுவதையும் கொடுத்துவிட்டு, வயிறு திறக்கும் வேலையைப் பழகிய ஒருவரிடமே வைத்துக்கொள்வதுதான் அன்றைக்குச் செய்யக்கூடிய சரியான ஏற்பாடு.

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும்

ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி, சோர்வு, ஆண்களுக்கு விதை வீக்கம் ஆகியவை புரூசெல்லாவின் அடையாளங்கள். கண் சிவந்து, கெண்டைக்காலில் தொடமுடியாத வலியோடு வரும் திடீர்க் காய்ச்சல் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மஞ்சள் காமாலை சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. காய்ச்சலோடு ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தால் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நடப்பில் நிகழ்வது வேறு. மருந்துக்கடையில் டைபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை தருகிறார்கள், காய்ச்சல் அடங்குகிறது, மாதம் திரும்புமுன் மீண்டும் வருகிறது. இடுப்பு வலி குனிந்து வேலை செய்வதால் வந்தது என்று எண்ணித் தைலம் தேய்க்கிறார்கள். இத்தனை ஆண்டாக அறுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு, என்றோ வந்து பெயர் தெரியாமல் போன காய்ச்சலின் தடயம் இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். எனவே மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அறிகுறிக்கு முன்பே, "நான் ஆடு அறுக்கும் தொழில் செய்கிறேன், இத்தனை நாளுக்கு முன் கையில் வெட்டுப்பட்டது" என்று சொல்லிவிடவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் புரூசெல்லாவுக்கும் கியூ காய்ச்சலுக்கும் உரிய பரிசோதனைகளை எழுதித்தர எந்த மருத்துவருக்கும் நினைவு வராது. இரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், புரூசெல்லா சந்தேகம் என்பதைச் சீட்டில் குறிக்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அக்கிருமி மெதுவாக வளர்வது, ஆய்வகத்தில் இருப்பவருக்கும் தொற்றக்கூடியது. மாட்டிறைச்சித் தொழிலாளிக்குக் காசநோய் வந்தாலும் தொழிலைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனெனில் மாட்டிலிருந்து வரும் காசநோய்க் கிருமி, வழக்கமாகத் தரும் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடுக்குக் கட்டுப்படாது.

புரூசெல்லா உறுதியானால் பெரியவர்களுக்குப் பொதுவாக டாக்சிசைக்ளினோடு ரிபாம்பிசின் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு வாரம் தரப்படும். இரண்டாம் வாரத்திலேயே உடல் தேறிவிடும், மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது. ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செந்நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம், அஞ்ச வேண்டியதில்லை. ஆறு வாரக் கூலியில் ஒரு பகுதியையாவது முதலாளி கொடுத்தால் தொழிலாளி சிகிச்சையை இடையில் விடமாட்டார். மாத்திரை முடிந்த பின் அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சலோ இடுப்பு வலியோ திரும்பினால், புதிய மருத்துவரைத் தேடாமல், பழைய பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்தவரிடமே போகவேண்டும்.